டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளையோடு இங்கிலாந்து வருகிறீர்களா? லூப் பம்ப் பற்றி மொத்தமாக ஒரு பதிவு

“வேலை விசாவில் குடும்பத்தோடு வருகிறோம், மகனுக்கு டைப் 1, இப்போது ஊசிதான். அங்கே தானாக இன்சுலின் கொடுக்கும் பம்ப் கிடைக்குமா, எவ்வளவு ஆகும்?” ஊர் பெயர் மட்டும் மாறி இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. தனித்தனியாகப் பதில் போட்டு முடியவில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, டைப் 1 பிள்ளையின் அம்மா. டோஸ் விஷயத்தில் உங்கள் டீம் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

கிடைக்கும். லூப் பம்ப் என்பது அதுதான், அதற்கென்று கைக்காசு போகாது. எந்தச் சிகிச்சைக்கு அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ் பணம் கொடுக்கலாம் என்று பார்க்கும் நைஸ் அமைப்பு, 2023 டிசம்பரில் இதற்குப் பரிந்துரை கொடுத்தது. பெரியவர்களுக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) இவ்வளவு இருக்க வேண்டும், அல்லது சர்க்கரை லோ ஆகி அவதிப்பட வேண்டும் என்று நிபந்தனை உண்டு. 18 வயதுக்குக் கீழே அது கிடையாது. டைப் 1 என்றாலே போதும். 2024 ஏப்ரலில் தொடங்கி ஐந்து ஆண்டுகளில் படிப்படியாகக் கொடுப்பது என்று திட்டம். அதனால் ஊரைப் பொறுத்துக் காத்திருக்க வேண்டி வரலாம். பெரும்பாலானவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பிள்ளைக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் ஹெல்த் சர்சார்ஜ் (என்.எச்.எஸ் சிகிச்சைக்கான கட்டணம்) கட்டியிருப்பீர்கள். பம்ப், சென்சார், இன்சுலின் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஊரில் சொந்தக் காசில் லட்சக்கணக்கில் போட்டு வாங்கும் பொருள் இது. அந்த நினைப்பிலேயே நம்மவர்கள் பலர் “டாக்டரே சொல்லட்டும்” என்று வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். முதல் அப்பாயின்ட்மென்ட்டிலேயே கேளுங்கள். சலுகை கேட்பதாக நினைத்துக் கூச்சப்படவே வேண்டாம்.

வந்து இறங்கியதும் முதல் வேலை ஜிபியிடம் (உள்ளூர் குடும்ப டாக்டர்) பதிவு செய்வது. டைப் 1 என்று ரிசப்ஷனிலேயே சொல்லி, குழந்தைகள் டயாபட்டிஸ் டீமுக்கு அவசரமாக ரெஃபரல் கேளுங்கள். ஊர் டாக்டரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதமும், குறைந்தது மூன்று மாதத்துக்கான இன்சுலினும் கையில் இருக்கட்டும். டீமைப் பார்ப்பதற்கு முன்பே இன்சுலின் தீர்கிற மாதிரி இருந்தால் என்.எச்.எஸ் உதவி எண் 111-க்கு அழையுங்கள், கடைசிப் பேனா வரை காத்திருக்காதீர்கள். டீம் என்றால் டாக்டர் மட்டும் இல்லை. ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ், டயட்டீஷியன், சைக்காலஜிஸ்ட் எல்லாரும் உண்டு. உங்களுக்கு அதிகம் பழக்கமாகப் போவது நர்ஸ்தான். அவர் நம்பரை போனில் முதல் ஆளாகச் சேமித்து வையுங்கள்.

சர்க்கரை எண்களும் இங்கே வேறு. ஊரில் 180 என்று பார்த்தது இங்கே 10, அங்கே 70 என்பது இங்கே 3.9. பதினெட்டால் வகுத்தால் சரியாக இருக்கும். எச்பிஏ1சியையும் 7 சதவீதம் என்று சொல்ல மாட்டார்கள், 53 என்பார்கள். முதல் தடவை கேட்டுப் பதறிவிடாதீர்கள்.

சரி, மெஷின் என்ன செய்கிறது? தோலில் ஒட்டியிருக்கும் சென்சார் சர்க்கரை அளவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பும். அது எங்கே போய் நிற்கும் என்று கணித்து, பம்ப் இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், தேவைப்பட்டால் நிறுத்தும். இரவில்தான் இதன் அருமை தெரியும். ராத்திரி லோ ஆகிவிடுமோ என்று அலாரம் வைத்து எழுந்து விரலில் குத்திப் பார்த்தவர்கள், காலையில் அந்த கிராஃபைப் பார்த்தால் நம்ப மாட்டார்கள்: 6-க்கும் 7-க்கும் நடுவே நேர்கோடு மாதிரி போயிருக்கும்.

ஆனால் சாப்பாட்டை அதுவாகக் கண்டுபிடித்துச் சமாளிக்காது. இதற்கு ‘ஹைபிரிட் குளோஸ்டு லூப்’, அதாவது பாதி தானியங்கி, என்று பெயர் வைத்திருப்பதே அதனால்தான். கார்ப் (மாவுச்சத்து) எவ்வளவு என்று நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் முதல் வாய் வைப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால். இங்கேதான் நம் வீடுகளில் உதைக்கிறது. டயட்டீஷியன் கொடுக்கும் அட்டவணையில் பாஸ்தாவும் பிரெட்டும் இருக்கும். நம் இட்லி, புட்டு, இடியாப்பம் எல்லாம் வீட்டுக்கு வீடு சைஸ் மாறும். டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். தட்டை வைத்து, பட்டனை அழுத்தி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சோற்றைப் போடுங்கள். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் கார்ப். 150 கிராம் போட்டால் 42. சாம்பாரில் இருக்கும் பருப்பு, உருளைக்கிழங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். இட்லிக்கு உங்கள் வீட்டுத் தட்டில் ஒரு ஈடு ஊற்றி, சராசரி எடையை ஒருமுறை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டால் அப்புறம் தராசே வேண்டாம். பிரியாணி, பரோட்டா, வடை வேறு கதை: எண்ணெய் இருப்பதால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும். அந்த நாட்களில் எப்படிச் செய்வது என்று டயட்டீஷியனிடம் தனியாகக் கேளுங்கள், அவர்களுக்கும் பிரியாணி தெரியும்.

இன்னொன்று, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. பம்பில் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான் உண்டு, நீண்ட நேரம் நிற்கும் ஊசி கிடையாது. கேனுலா (தோலுக்குள் இருக்கும் சின்னக் குழாய்) மடங்கினாலோ, பாட் (ட்யூப் இல்லாமல் உடம்பில் ஒட்டும் பம்ப்) கழன்றாலோ சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இருக்காது. 14-க்கு மேல் ஏறி இறங்காமல் நின்றால் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பாருங்கள். 0.6-க்கு மேல் இருந்தால் மெஷினை நம்பிக்கொண்டு உட்காராமல், டீம் எழுதிக் கொடுத்த அளவைப் பேனாவில் போட்டுவிட்டு கேனுலா செட்டை அல்லது பாடை மாற்றுங்கள். கீட்டோன் 3 அல்லது அதற்கு மேல் என்றாலோ, பிள்ளை வாந்தி எடுத்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான். பேனா ஊசிகள் காலாவதியாகாமல் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும்.

கேட்டவர்களுக்குப் பதில்:

லெஸ்டர் அக்காவுக்கு: எந்த பம்ப் நல்லது என்று ஒரே பதில் சொல்ல முடியாது. ஆம்னிபாட் 5-இல் ட்யூப் கிடையாது, உடம்பில் ஒட்டும் பாட், மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இரண்டு வயதிலிருந்து பயன்படுத்தலாம். கேம்ஏபிஎஸ் என்பது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான, பம்பை இயக்கும் ஆப், ஒரு வயதுக் குழந்தைக்கே அனுமதி உண்டு. டான்டம், மெட்ரானிக் இரண்டும் ட்யூப் உள்ளவை. உங்கள் ஆஸ்பத்திரி எவற்றைக் கொடுக்கிறது என்று கேட்டு, டம்மியைப் பிள்ளை கையிலேயே கொடுங்கள். ஒட்டிக்கொண்டு திரியப்போவது அவர்கள்.

ஹாரோவில் இருக்கும் தம்பிக்கு: ஸ்கூல் “எங்களால் முடியாது” என்று சொன்னால் அப்படியே வந்துவிடாதே. 2014-ஆம் ஆண்டின் சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் சட்டம், 100-வது பிரிவு, மருத்துவத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்யும் கடமையை இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகள் மேல் வைத்திருக்கிறது. தனி ஹெல்த்கேர் பிளான் எழுதச் சொல், நர்ஸ் வந்து ஸ்டாஃபுக்குப் பயிற்சி கொடுப்பார். ஜிசிஎஸ்இ நெருங்கினால், சென்சார் படிக்கும் போன் பரீட்சை ஹாலில் இருக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒன்று: டி.எல்.ஏ (இயலாமை உள்ள பிள்ளைகளுக்கான) உதவித்தொகை பற்றி யாராவது சொன்னால், உன் விசாவில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு உதவித்தொகை வாங்கக்கூடாது) நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் விண்ணப்பிக்காதே, விசாவுக்கே பிரச்சினை ஆகும். என்.எச்.எஸ் சிகிச்சை அந்தக் கணக்கில் வராது.

பதினைந்து வயது மகள் பற்றிக் கேட்டவருக்கு: பிள்ளையின் சர்க்கரையை நம் போனில் காட்டும் ஃபாலோ ஆப்பில் எண்ணைப் பார்த்துவிட்டு ஸ்கூல் நேரத்தில் “என்ன சாப்பிட்டே?” என்று மெசேஜ் போடாதீர்கள். இந்த வயதில் போலஸ் (சாப்பாட்டுக்கான இன்சுலின்) போட மறப்பதும், வேண்டுமென்றே விடுவதும் சகஜம், திட்டினால் போனையே ஆஃப் செய்துவிடுவார்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் மட்டும் கூப்பிடுவீர்கள் என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சல் என்று பம்பைச் சொந்தக்காரர்களிடம் மறைக்கச் சொல்வது எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. மறைக்கச் சொன்ன பொருளை அவள் வெளியில் எங்கே பயன்படுத்துவாள்? பதினேழில் கார் ஓட்டப் போனால் லைசென்ஸ் கொடுக்கும் டி.வி.எல்.ஏவிடம் இன்சுலின் போடுவதைச் சொல்லியே ஆக வேண்டும், சர்க்கரை 5-க்கு மேல் இருந்தால்தான் சாவியைத் தொட வேண்டும்.

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு: இன்சுலினை செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், உறைந்துவிடலாம். மாற்று செட்டுகள், பேனா, நீண்ட நேர இன்சுலின், கீட்டோன் ஸ்ட்ரிப் எல்லாமே தேவைக்கு இரண்டு மடங்கு, கைப்பையில். டான்டம் பம்பை எக்ஸ்ரேயிலும் உடல் ஸ்கேனரிலும் விடக்கூடாது. மற்றவற்றுக்குக் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமானப் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ வெளியிடும் மெடிக்கல் டிவைஸ் கார்டைக் காட்டினால் கையால் சோதிப்பார்கள். ஊர்க் கடையில் அவசரத்துக்கு இன்சுலின் வாங்க நேர்ந்தால் லேபிளைப் படியுங்கள். அங்கே யூ-40 (ஒரு மில்லிக்கு 40 யூனிட்) குப்பிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பம்புக்கு வேண்டியது யூ-100, அதுவும் நீங்கள் இங்கே போடும் அதே வேக இன்சுலின். மாற்றி ஊற்றினால் பம்ப் பத்து யூனிட் என்று காட்டும், உள்ளே போவது நான்குதான்.