டாக்கர் பில்டில் மட்டும் பிப் இன்ஸ்டால் தொங்குகிறது, ஹோஸ்டில் சரியாக இறங்குகிறது

குடந்தைவாசி:
உபுண்டு 22.04, டாக்கர் 24. கும்பகோணத்தில் சின்ன கிளை ஆபீஸ், உள்ளூர் கேபிள்காரரின் ஃபைபர் லைன். சென்னை ஆபீஸுக்கு வயர்கார்டு விபிஎன். இந்த மெஷினின் மொத்த டிராஃபிக்கும் அதன் வழியாகத்தான் போகிறது.

பைத்தான்:3.11-ஸ்லிம் இமேஜ் சிக்கலில்லாமல் இறங்கிவிடுகிறது. பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் இன்ஸ்டால் வரிக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. "ரீட் டைம்டு அவுட். (ரீட் டைம்அவுட்=15)" என்று திரும்பத் திரும்ப வந்து கடைசியில் பில்ட் விழுகிறது. அதே ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல் ஹோஸ்டில் (டாக்கரின் தனிப் பெட்டியான கன்டெய்னருக்கு வெளியே, நேராக மெஷினில்) உடனே இறங்குகிறது. டாக்கர் டீமன் (பின்னணியில் ஓடும் சர்வீஸ்) செட்டிங்கில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றியும் பலனில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில், விபிஎன் இல்லாமல், ஒழுங்காக ஓடுகிறது. லைன்காரரைக் கேட்டால் "நெட் நல்லாத்தானே இருக்கு" என்கிறார். எங்கே பார்ப்பது?

அரசலாறு:
டாக்கர் பில்ட் --நெட்வொர்க்=ஹோஸ்ட் போடுங்க. வேலை முடிஞ்சுது.

வெண்ணாற்றங்கரை:
ஓடும், ஆனால் நோய் அப்படியே இருக்கும். நாளைக்கு இதே இமேஜை கம்போஸில் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கருவி) ஏற்றி, உள்ளிருந்து வெளி ஏபிஐ எதையாவது கூப்பிட்டால் அங்கேயும் தொங்கும்.

முதலில் எரர் வாசகத்தைப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. பெயரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் "டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசொல்யூஷன்" என்று வரும். கனெக்‌ஷனே கிடைக்காவிட்டால் "கனெக்ட் டைம்அவுட்" அல்லது "நெட்வொர்க் அன்ரீச்சபிள்". உங்களுக்கு வருவது ரீட் டைம்அவுட். அதாவது பெயர் கிடைத்துவிட்டது, டிசிபி கைகுலுக்கலும் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் வரவேண்டிய பெரிய பாக்கெட் வந்து சேரவில்லை. டிஎன்எஸ்ஸை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. விபிஎன் இருந்தால் மட்டும் தொங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எம்டியூ (ஒரு பாக்கெட் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்ற அளவு) என்றுதான் சொல்வேன்.

நடப்பது இதுதான். வயர்கார்டு இன்டர்ஃபேஸின் எம்டியூ வழக்கமாக 1420. டாக்கர் பிரிட்ஜ் (கன்டெய்னர்களை ஹோஸ்டோடு இணைக்கும் உள் நெட்வொர்க்) அதைக் கண்டுகொள்ளாமல் 1500-லேயே நிற்கும். ஹோஸ்டிலிருந்து கனெக்ட் செய்தால் கர்னல் எதிர்முனையிடம் எம்எஸ்எஸ், அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றக்கூடிய டேட்டாவின் உச்ச அளவு, 1380 (1420-லிருந்து ஹெட்டருக்கு 40 போக) என்று சொல்லும், அது அளவாக அனுப்பும். கன்டெய்னரோ 1460 என்று சொல்கிறது. எதிர்முனை அதை நம்பி 1500 பைட் பாக்கெட்டாக அனுப்புகிறது, அது விபிஎன் சர்வரில் டன்னலுக்குள் நுழைய முடியாமல் விழுகிறது. "பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு" என்று திரும்பிப் போகவேண்டிய ஐசிஎம்பி செய்தியை நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிட்டால், இரண்டு பக்கமும் சும்மா காத்திருக்க வேண்டியதுதான். அடிப்படை இமேஜ் மட்டும் ஒழுங்காக இறங்குவதும் இதனால்தான்: அதை இறக்குவது ஹோஸ்டில் ஓடும் டீமன், கன்டெய்னர் அல்ல.

உறுதி செய்ய, ஹோஸ்டில் விபிஎன் ஓடும்போதே:

பிங் -எம் டூ -எஸ் 1392 1.1.1.1
பிங் -எம் டூ -எஸ் 1393 1.1.1.1

1392-உடன் ஐபி, ஐசிஎம்பி ஹெட்டர் 28 சேர்ந்தால் 1420. முதலாவது போய், அடுத்தது "மெசேஜ் டூ லாங், எம்டியூ=1420" என்றால் ஹோஸ்டின் அளவு தெரிந்துவிட்டது. பிறகு ஏதாவது ஒரு கன்டெய்னருக்குள் /சிஸ்/கிளாஸ்/நெட்/ஈத்0/எம்டியூ ஃபைலை கேட் செய்து பாருங்கள். அங்கே 1500 என்றிருக்கும். இன்னும் சந்தேகமிருந்தால் கன்டெய்னருக்குள் கர்ல் -வி போடுங்கள், "கிளையன்ட் ஹலோ" வரி வந்து அதோடு உறைந்து நிற்கும். சர்வர் சர்ட்டிஃபிகேட்தான் அந்தக் கனெக்‌ஷனில் வரும் முதல் பெரிய சரக்கு, அதனால்தான் சரியாக அந்த இடம்.

சரிசெய்ய, /எட்சி/டாக்கர்/டீமன்.ஜேசன் ஃபைலில் "எம்டியூ": 1420 சேர்த்து டாக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள் (ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்கள் நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள்). பிறகு டாக்கர்0 இன்டர்ஃபேஸைப் பார்த்து ஏமாற வேண்டாம். கன்டெய்னர் எதுவும் ஒட்டாதவரை அது 1500 என்றே காட்டலாம், உள்ளே போய்ப் பார்ப்பதுதான் கணக்கு.

இந்த செட்டிங் டீஃபால்ட் பிரிட்ஜுக்கு மட்டும்தான். கம்போஸ் தானாக உருவாக்கும் நெட்வொர்க்குக்குத் தனியாக, ட்ரைவர்_ஆப்ட்ஸ் கீழே காம்.டாக்கர்.நெட்வொர்க்.ட்ரைவர்.எம்டியூ: 1420 என்று எழுதி, கம்போஸ் டவுன் கொடுத்து மறுபடி அப் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க்கில் இது ஏறாது.

குடந்தைவாசி:
அப்படியேதான் அண்ணே. 1392 போகிறது, 1393-க்கு எம்டியூ=1420 என்று சொல்லி நிற்கிறது. உள்ளே பார்த்தால் 1500. டீமன்.ஜேசன் மாற்றினேன், பில்ட் முழுசாக ஓடிவிட்டது. ஒரு சந்தேகம்: எங்கள் ஃபைபர் லைன் பிபிபிஓஈ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் வகை). அதற்காகவும் குறைக்க வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை:
பிபிபிஓஈ 8 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. விபிஎன் சர்வரை ஐபிவி4-இல் தொடுகிறீர்கள் என்றால் வயர்கார்டின் கூடுதல் சுமை 60 பைட், 1420 + 60 = 1480, தாராளமாக அடங்கும். ஐபிவி6 என்றால் சுமை 80, மொத்தம் 1500, அடங்காது. அப்போது வயர்கார்டையும் டாக்கரையும் சேர்த்து 1412-க்கு இறக்குங்கள்.

விபிஎன் சர்வர் உங்கள் ஆட்கள் கையில் இருந்தால், அங்கேயே ஐபிடேபிள்ஸ் மேங்கிள் டேபிளின் ஃபார்வர்டு செயினில் டிசிபிஎம்எஸ்எஸ் --கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியூ விதி ஒன்று போடச் சொல்லுங்கள். கனெக்‌ஷனைத் தொடங்கும் சின் பாக்கெட்டிலேயே அளவைத் திருத்திவிடும், ஒவ்வொரு லேப்டாப்பிலும் டீமன்.ஜேசனைத் தொட வேண்டாம்.

தஞ்சை லேப்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இங்கே காலேஜ் லேபில் அதே பிப் வரியில் "சர்ட்டிஃபிகேட்_வெரிஃபை_ஃபெயில்டு" வருகிறது. ப்ராக்ஸி 127.0.0.1:3128, பில்ட்-ஆர்க் வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது "கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்டு". இதுவும் எம்டியூவா?

அரசலாறு:
இல்லை, இது வேற கதை, அதுலயும் ரெண்டு கதை. 127.0.0.1-ன்னா கன்டெய்னருக்குள்ள அந்தக் கன்டெய்னரேதான். ப்ராக்ஸி ஓடுற மெஷினோட லேன் ஐபியைக் குடுங்க, ப்ராக்ஸியும் அந்த ஐபியில கேட்கணும். எச்டிடிபி_ப்ராக்ஸி, எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி ரெண்டையும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டுலயும் அனுப்புங்க. பெரிய எழுத்து எச்டிடிபி_ப்ராக்ஸியை கர்ல் கண்டுக்காது. இந்தப் பெயர்களை டாக்கர்ஃபைல்ல ஆர்க்-னு அறிவிக்க வேண்டியதில்லை. என்வ்-ல மட்டும் எழுதிடாதீங்க, இமேஜோடயே ஊரெல்லாம் போகும்.

சர்ட்டிஃபிகேட் எரர் வர்றதுக்குக் காரணம், காலேஜ் ஃபயர்வால் டிஎல்எஸ்ஸைப் பிரிச்சுப் பார்த்துட்டு தன் சர்ட்டிஃபிகேட்டை ஒட்டி அனுப்புது. ஹோஸ்ட்ல அட்மின் ரூட் சிஏ (அந்த சர்ட்டிஃபிகேட்டை நம்பலாம்னு காட்டுற மூல சர்ட்டிஃபிகேட்) ஏத்தியிருப்பாரு, கன்டெய்னருக்கு அது தெரியாது. அந்த ஃபைலை பெம் வடிவத்துல வாங்கி /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ்/ உள்ள காப்பி பண்ணுங்க. பெயர் கட்டாயம் .சிஆர்டி-னு முடியணும், .பெம்-னு வச்சா திரும்பிக்கூடப் பார்க்காது. அப்புறம் அப்டேட்-சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ். பழைய பிப் தன் சொந்தப் பட்டியலை மட்டும்தான் நம்பும், அதனால பிப்_சர்ட் மாறியில /எட்சி/எஸ்எஸ்எல்/சர்ட்ஸ்/சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ்.சிஆர்டி காட்டுங்க. நோடுக்கு நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_சர்ட்ஸ். ட்ரஸ்டட்-ஹோஸ்ட் போட்டு (சர்ட்டிஃபிகேட்டைச் சோதிக்காம விட்டு) ஒப்பேத்துறது லேபுக்கு ஓகே, வெளியில போற இமேஜுல வேணாம்.

வெண்ணாற்றங்கரை:
தஞ்சை லேபுக்கு இன்னும் ஒன்று. உங்கள் கேம்பஸ் நெட்வொர்க் 172.17 வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். டாக்கர் பிரிட்ஜும் வழக்கமாக 172.17.0.0/16 எடுத்துக்கொள்ளும். ப்ராக்ஸியோ டிஎன்எஸ் சர்வரோ அதே வரிசையில் இருந்தால் பாக்கெட் வெளியே போகாமல் பிரிட்ஜுக்குள்ளேயே சுற்றி மாளும். டீமன்.ஜேசனில் "பிஐபி": "10.200.0.1/24" போல, கேம்பஸில் யாரும் பயன்படுத்தாத வரிசைக்கு மாற்றுங்கள்.

லேபில் எல்லோரும் ஒரே வெளி ஐபி வழியாகப் போவதால் டாக்கர் ஹப்பில் (இமேஜ்கள் இறக்கும் பொதுக் கிடங்கு) 429 "டூ மெனி ரெக்வெஸ்ட்ஸ்" வந்தாலும் மிரள வேண்டாம். லாகின் செய்யாதவர்களுக்கு ஒரு ஐபிக்கு 6 மணி நேரத்தில் 100 புல் (இமேஜ் இறக்குதல்) என்பது வரம்பு. அவரவர் லாகின் செய்தால் தீர்ந்தது. அதேபோல் ஆப்ட்-கெட்டில் 404 வருவது நெட் கோளாறே அல்ல. அப்டேட் ஒரு ரன் வரியிலும் இன்ஸ்டால் இன்னொரு வரியிலும் இருந்தால், கேஷில் கிடக்கும் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, சர்வரில் இப்போது இல்லாத வெர்ஷனைத் தேடும். இரண்டையும் ஒரே ரன்னில் && போட்டு இணையுங்கள்.

வேதாரண்யம் உப்பு:
எங்கள் பக்கம் லைன் சரிதான், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அடிக்கடி அறும். டார்ச் போன்ற பெரிய வீல் (பிப் இறக்கும் பேக்கேஜ் ஃபைல்) பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. டைம்அவுட்டை மட்டும் கூட்டினால் போதுமா?

அரசலாறு:
போதாது. --டைம்அவுட் 100, --ரிட்ரைஸ் 10 போடுங்க, கூடவே பிப் 25.1-லேர்ந்து --ரெஸ்யூம்-ரிட்ரைஸ் இருக்கு, விட்ட இடத்துலேர்ந்து இறக்கும். அப்புறம் ரன் வரியில --மவுன்ட்=டைப்=கேஷ்,டார்கெட்=/ரூட்/.கேஷ்/பிப் சேருங்க. பில்ட் நடுவுல செத்தாலும் முழுசா இறங்குன வீல்கள் தங்கும், அடுத்த தடவை அதையெல்லாம் தொடாது. இதைப் போட்டுட்டு அதே வரியில --நோ-கேஷ்-டிர் விட்டு வச்சீங்கன்னா ஒண்ணும் தங்காது, நிறைய டாக்கர்ஃபைல்ல இப்படித்தான் கிடக்கு.

அடைமழை நேரத்துக்கு இன்னொரு வழி. லைன் நல்லா இருக்கிறப்பவே, அதே அடிப்படை இமேஜை ரன் பண்ணி, ஹோஸ்ட் ஃபோல்டரை மவுன்ட் பண்ணி, பிப் டவுன்லோட் -டி வீல்ஸ் கொடுத்து எல்லாத்தையும் இறக்கிடுங்க. ஹோஸ்ட் பைத்தான்ல இறக்காதீங்க. வெர்ஷன் ஒத்துப்போகாது, அடிப்படை இமேஜ் ஆல்பைனா இருந்தா அதுக்கான மஸ்ல்லினக்ஸ் வீல் வேற வேணும். பில்டுல பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ். கேபிள்காரர் அவர் சவுகரியத்துக்கு வரட்டும்.

குடந்தைவாசி:
கடைசியாக ஒன்று. இன்னொரு மெஷினில் பில்ட்எக்ஸில் (டாக்கரின் பில்ட் கருவி) டாக்கர்-கன்டெய்னர் ட்ரைவர் வைத்திருக்கிறோம். அங்கே டீமன்.ஜேசனில் டிஎன்எஸ் மாற்றினால் பில்டுக்குள் எடுபடுவதில்லை.

வெண்ணாற்றங்கரை:
எடுபடாது. அந்த பில்டர் தனி கன்டெய்னர், தனக்கென்று பில்ட்கிட்டி.டாமல் வைத்திருக்கிறது. அதில் [டிஎன்எஸ்] கீழே நேம்சர்வர்ஸ் எழுதி, பில்டரை உருவாக்கும்போதே --பில்ட்கிட்டி-கான்ஃபிக் (பழைய வெர்ஷனில் --கான்ஃபிக்) கொடுத்துக் காட்ட வேண்டும். இருக்கும் பில்டரில் ஏறாது, பில்ட்எக்ஸ் ஆர்எம் செய்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். அழித்தால் கேஷும் போய்விடும், லைன் நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.