சிபாப் மெஷினுக்கு பேட்டரி வாங்குமுன் வாட் பாருங்க

எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு, கோபிக்குப் பக்கம் இருக்கிறது. கோடை மழைக்காற்றில் ஒரு தென்னை மட்டை லைன் மேல் விழுந்தால் போதும், அப்புறம் லைன்மேன் விடிந்துதான் வருவார். அப்பாவுக்கோ, தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கிற சிபாப் மெஷின் ராத்திரி முழுக்க ஓடியாக வேண்டும். மூக்கு, வாய் இரண்டையும் மூடுகிற மாஸ்க்கில் கரண்ட் போனால் வெளிக்காற்று வர ஒரு வால்வு திறந்துகொள்ளும், அதனால் மூச்சு அடைத்துவிடுமோ என்று பதற வேண்டாம். ஆனால் தூக்கம் அதோடு போச்சு. "கண்ணு, காத்து நின்னு போச்சு பாரு" என்று கூப்பிடுவார்.

ஈரோட்டில் ஒரு கடையில் "எத்தனை ஏஎச் வேணுங்க?" என்று, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லுகிற ஆம்பியர்-அவரில்தான் ஆரம்பித்தார்கள். மெஷின் எத்தனை வாட் இழுக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, எனக்கு அது இன்னமும் ஆற்றாமைதான். பிளக்கில் மாட்டுகிற வாட் மீட்டர் ஒன்று வாங்கி நாங்களே பார்த்தோம். தண்ணீரைச் சூடாக்குகிற ஹியூமிடிஃபயர் போட்டால் 40 வாட்டைத் தொட்டது, அதை அணைத்தால் 10க்குள் அடங்கிவிட்டது. எட்டு மணி நேரத்துக்கு 320 வாட்-அவருக்கும் 80க்கும் உள்ள வித்தியாசம் இது, அப்படியென்றால் பேட்டரியின் விலையே மாறிப்போகும். டாக்டரிடம் கேட்டுவிட்டு, கோடையில் சூட்டை அணைத்தே ஓட்டுகிறோம், மார்கழிக் குளிருக்கு மட்டும் போடுகிறோம்.

வீட்டு இன்வெர்ட்டரே போதாதா என்றால், எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ், கரண்டைச் சீரான அலையாகக் கொடுக்காத வகை. அதில் அடாப்டர் சூடாகி இரைந்தது, மாறுகிற நொடியில் மெஷின் நின்று நின்று ஓடியது. அதை விட்டுவிட்டு 12.8 வோல்ட் 50 ஏஎச் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஒன்றும், 24 வோல்ட்டுக்கு ஏற்றிக் கொடுக்கிற கன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கினோம். அப்பாவுடைய சிபாப் மெஷின் ஏர்சென்ஸ் 10 என்கிற மாடல், அது 24 வோல்ட் கேட்கும். எல்லா மெஷினும் அப்படி இல்லை, 12 வோல்ட்டில் ஓடுகிறதும் உண்டு, அதனால் அடாப்டருக்கு அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டே வாங்குங்கள். சார்ஜர் எப்போதும் பேட்டரியில் மாட்டியே இருக்கிறது, மெஷினும் எப்போதும் பேட்டரியில்தான் ஓடுகிறது, கரண்ட் போவதே அப்பாவுக்குத் தெரிவதில்லை. பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் கட்டாயம் போடச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும்போது வாயு விடுகிற ஈய பேட்டரியைப் படுக்கிற ரூமுக்குள் தயவுசெய்து வைக்காதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈபிக்காரர்கள் பகலில் கரண்டை நிறுத்துகிற அன்றைக்கு, அப்பாவின் மதியத் தூக்கத்தில் பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொள்கிறோம்.

கோவையிலிருந்து ப்ளைட் ஏறுகிறவர்களுக்கு ஒன்று. தனி பேட்டரியை கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், 100 வாட்-அவர் வரை தடையில்லை, அதற்கு மேல் 160 வரை என்றால் விமான கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். பவர் பேங்கில் 27,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அது 3.7 வோல்ட் கணக்கு, 27 ஏஎச்சை 3.7 ஆல் பெருக்கினால் 100 வாட்-அவரோடு சரி. சூட்டை அணைத்தால் ஒரு ராத்திரிக்கு ஒப்பேற்றலாம், போட்டால் பாதி ராத்திரி கூடத் தாங்காது.