ஜூபிட்டர், மார்ஸ், குயிரினஸ்: இம்மூவரும் ஒரு குழுவா?

ஏட்டுச்சுவடி:
ரோமின் கேப்பிட்டோலின் குன்றில் ஜூபிட்டர், ஜூனோ, மினர்வா மூவரையும் ஒருசேர வழிபடத் தொடங்குவதற்கு முன்பே, ஜூபிட்டர், மார்ஸ், குயிரினஸ் என்னும் ரோமத் தெய்வங்களின் பழைய மூவர் குழு இருந்தது என்பது பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் டூமெசிலின் வாதம். அதை நான் ஏற்கிறேன். தெய்வத்துக்கு ஒருவராக இருந்த பதினைந்து ஃபிளாமென் பூசாரிகளில் பெரியவர்களாக மதிக்கப்பட்ட மூவரும் இந்த மூன்று தெய்வங்களுக்கே உரியவர்கள்.

கல்தச்சன்:
அது பூசாரிகளுக்குள் நிலவிய தகுதி வரிசை. அதிலிருந்து கூட்டு வழிபாட்டை எப்படி வருவிக்கிறீர்கள்? மரபுப்படி கி.மு. 509இல் குடமுழுக்குக் கண்ட (நம் சொல்லிலேயே சொல்கிறேன்) கேப்பிட்டோலின் கோயிலில் ஒரே கூரையின் கீழ் மூன்று கருவறைகள் இருந்தன. நடுவில் ஜூபிட்டர், அவருக்கு வலப்புறம் மினர்வா, இடப்புறம் ஜூனோ. செப்டம்பர் 13இல் நடந்த விருந்தில் ஜூபிட்டரின் உருவத்தை மஞ்சத்தில் சாய்த்து வைத்து, தேவியர் இருவரையும் நாற்காலிகளில் அமர்த்தி, உணவு படைத்தார்கள். கூட்டு வழிபாடு என்றால் இதுதான். குயிரினஸுக்கோ குயிரினல் குன்றில் தனிக்கோயில். மார்ஸின் பழைய பலிபீடம் நகரின் புனித எல்லைக்கு வெளியே இருந்தது.

ஏட்டுச்சுவடி:
கோயிலையே அளவுகோலாக வைத்தால் பழைமை எதுவும் அகப்படாது, நண்பரே. ரோமர் தொடக்கத்தில் 170 ஆண்டுகளுக்கு மேல் தெய்வ உருவமின்றியே வழிபட்டனர் என்று பண்டைய ரோம அறிஞர் வார்ரோ எழுதியிருக்கிறார். இத்தாலியின் குப்பியோ நகரில் கிடைத்த ஏழு வெண்கலத் தகடுகளைப் பாருங்கள். ரோமரின் அண்டை மக்களான அம்பிரியரின் மொழியில் அமைந்த அந்தச் சடங்கு விதிகளில் ஜூபிட்டர், மார்ஸ், வோஃபியோனஸ் ஆகிய மூவருக்கு மட்டும் கிராபோவியஸ் என்ற பட்டம் பொதுவாக வருகிறது. ஒவ்வொருவருக்கும் மும்மூன்று காளைகள் பலி.

கல்தச்சன்:
அந்தக் காளைகளை எங்கே பலியிட்டார்கள் என்பதை விட்டுவிட்டீர்களே! மூன்று வெவ்வேறு நகர வாயில்களின் முன்பு அல்லவா?

மணற்கேணி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வாயில்கள் மூன்றானாலும் சடங்கு ஒன்றே. நகரைத் தூய்மைப்படுத்தும் ஒரே வலத்தின் பகுதிகள் அவை. எனவே ஏட்டுச்சுவடி அவர்களின் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் அவெண்டைன் குன்றில் கி.மு. 493இல் கோயில் பெற்ற சீரஸ், லிபெர், லிபெரா மூவரையும் இருவருமே மறந்துவிட்டீர்கள். அக்கோயில் எளிய குடிமக்களான பிளெபியரின் அரசியல் மையம். அங்கே தெய்வங்களைச் சேர்த்துவைத்ததில் வழிபட்டவர்களின் வர்க்கத்துக்கும் பங்குண்டு.

கல்தச்சன்:
மூவருக்கும் ஒரே சடங்கு என்பது அம்பிரியருக்குப் பொருந்தலாம். ரோமரின் வேண்டுதல் ஒன்றில் இம்மூவரும் சேர்ந்து வருகிறார்களா?

ஏட்டுச்சுவடி:
வருகிறார்கள். கி.மு. 340இல் ரோமத் தளபதி தேசியஸ் தன் உயிரைப் போர்க்களத்தில் தெய்வங்களுக்கு ஒப்புக்கொடுத்தபோது சொன்னதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி தரும் வேண்டுதலில் ஜூபிட்டர், மார்ஸ், குயிரினஸ் இதே வரிசையில் அழைக்கப்படுகிறார்கள்.

கல்தச்சன்:
அவ்வரிசையில் ஜூபிட்டருக்கு முன்னே ஜானஸ் என்னும் தெய்வமும், குயிரினஸுக்குப் பின்னே போர்த்தேவி பெல்லோனாவும் லாரெஸ் என்னும் காவல் தெய்வங்களும் நிற்கிறார்கள். நீளமான வரிசையின் நடுவிலிருந்து மூவரை மட்டும் கத்தரித்தெடுத்துக் குழு என்கிறீர்கள்.