புதுப்பிப்பு: பழைய ஸ்கூல் பஸ் பாதி வழியில் நிற்கும் பிரச்சினை தீர்ந்தது

நான் ஆசையாகச் சரிசெய்து வரும் பழைய டீசல் ஸ்கூல் பஸ் கொஞ்ச தூரம் ஓடியதும் நின்றுவிடுகிறது, டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினால்தான் (ஏர் எடுத்தால்தான்) மறுபடி கிளம்புகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஃபில்டர், செம்பு வாஷர், ரப்பர் ஓஸ் எல்லாம் மாற்றினேன். பலனில்லை. அப்புறம் இங்கே பதில் போட்ட தென்காசி அண்ணாச்சி சொன்னபடி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் ஓஸைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் ஓஸ் போட்டேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. அப்படியென்றால் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். அங்கே பம்ப் உறிஞ்சுவதால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். இத்தனை நாள் கண்ணில் படாததும் அதனால்தான்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. டேங்க் நிறைந்திருந்தால் குமிழே இல்லை. பாதிக்குக் கீழே இறங்கினால்தான் வந்தது. டேங்குக்குள் இறங்கும் குழாயைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை! டீசல் அதற்குக் கீழே இறங்கியதும் அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று போயிருக்கிறது. புதுக் குழாய் செய்து மாட்டினேன். டேங்கின் அடியில் கிடந்த துருவையும் கழுவிவிட்டேன்.

நேற்று கால் டேங்க் டீசலோடு பாளையங்கோட்டையில் இருந்து பாபநாசம் போய்த் திரும்பினேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை. அடுத்து தகர வேலை, பிறகு மஞ்சள் பெயின்ட்.