1978 'டான்': சப்டைட்டிலோடு முழுப் படம் எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, அமிதாப் நடித்த பழைய 'டான்' (சந்திரா பரோட் இயக்கியது) படத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஷாருக் கான் நடித்தது இல்லை. ரஜினியின் 'பில்லா' அப்பாவுக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். அதற்கு மூலம் இதுதான் என்றதிலிருந்து நச்சரிக்கிறார். ஆனால் இந்தி துளியும் தெரியாது. தமிழ் சப்டைட்டில் இருந்தால் ரொம்ப நல்லது. ஆங்கிலம் என்றாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன்.

எனக்குக் கிடைத்த பிரதியில் பாட்டுகளையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். 'கைக்கே பான் பனாரஸ்வாலா' இல்லாமல் என்ன டான்? அதைவிடக் கொடுமை, பிற்பாதியில் கதையே தாவுகிறது. டிஎஸ்பி டிசில்வா இறந்ததும், டான் வேடத்தில் கும்பலுக்குள் நுழைந்த விஜய் (இதுவும் அமிதாப்தான்) உண்மையான டான் இல்லை என்று போலீஸில் தெரிந்த ஒரே ஆள் போய்விடுகிறார். அந்தப் பக்கம் போலீஸ், இந்தப் பக்கம் கும்பல், நிரபராதி என்று காட்ட ஆதாரமாக இருந்த டைரியும் காணோம். சலீம்-ஜாவேத் எழுத்தின் உயிரே அந்த இடம்தான். பிராண் நடித்த ஜஸ்ஜித் வரும் காட்சிகளும் (எனக்கு அமிதாபைவிட அவரைத்தான் பிடிக்கும், அடிக்க வராதீர்கள்) பாதி இல்லை.

டிவிடி, ப்ளூ-ரே எதுவானாலும் சரி, காசு கொடுத்து வாங்கத் தயார். திருட்டு லிங்க் வேண்டாம். வாங்கிப் பார்த்தவர்கள் படம் முழுசாக இருக்கிறதா, சப்டைட்டில் வசனத்தோடு ஒழுங்காக ஓடுகிறதா என்று சொல்லுங்கள்.

அப்புறம், இது அப்பாவுக்குப் பிடித்துவிட்டால் அடுத்து 'ஜஞ்சீர்' (1973) போடலாமா? அதிலும் பொய்யான லஞ்சப் புகாரில் மாட்டும் இன்ஸ்பெக்டர்தானே.