ஆழ்கற்றலும் நுனிப்புல்லும்: கற்றல் அணுகுமுறைகளுக்கு என்ன பெயர்?

கடையத்து அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம். மாணவர்கள் படிக்கும் விதங்களை ஆய்வாளர்கள் ஆழ வகை (deep), மேலோட்ட வகை (surface), மதிப்பெண்ணைக் குறிவைக்கும் வகை (strategic) என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் அண்ணாச்சி எழுதியது இது:

> மேலோட்டமாகப் படிப்பதை 'நுனிப்புல் கற்றல்' என்றே சொல்லிவிடலாம். கேட்டவுடன் புரியும்.

புரியும் அண்ணாச்சி, ஆனால் தப்பாகப் புரியும். நுனிப்புல் மேய்கிறவன் அங்கொரு வரி இங்கொரு வரி பார்த்துவிட்டு நகர்கிறவன். நாம் பெயர் தேடும் மாணவனோ ஜெராக்ஸ் கடையில் வாங்கிய குறிப்பை முற்றுப்புள்ளி உட்பட உருப்போட்டு வருகிறான். பாளையங்கோட்டையில் பாடம் நடத்தும் எனக்கு இரண்டு பேரையும் தெரியும்; உழைப்பில் இவன் அவனைவிடப் பல மடங்கு.

சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெரன்ஸ் மார்ட்டனும் ரோஜர் சால்யோவும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்து, படித்தபின் கேள்வி கேட்போம் என்றார்கள். சிலர் கேள்விக்கு உதவும் என்று சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள்; இது மேலோட்ட வகை. சிலர் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினார்கள்; இது ஆழ வகை. வேறுபாடு எண்ணத்தில்தான் இருக்கிறது. அது ஆளின் குணமும் அன்று. ஒரே பெண் ஒரு தாளுக்கு ஒருவிதமாகவும் அடுத்த தாளுக்கு வேறுவிதமாகவும் படிப்பாள். தவிர, ஆழ வகைக்குப் பொருந்தும் 'ஆழ்கற்றல்' என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் தங்கள் 'டீப் லேர்னிங்'குக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மேலோட்ட வகைக்குத் தென்காசி அக்கா சொன்ன 'மனப்பாடக் கற்றல்' எனக்கு உவப்பில்லை. புரிந்துகொள்வதற்காகவே மனப்பாடம் செய்வதும் உண்டு என்று கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் முதலானோர் ஹாங்காங் மாணவர்களைக் கொண்டு எழுதியிருக்கிறார்கள். தேவாரம் ஓதுகிறவரிடம் சொன்னால், இதற்கும் ஓர் ஆய்வா என்பார்.

மூன்றாவது வகை கல்வி ஆய்வாளர் நோயல் என்ட்விசில் வளர்த்தெடுத்தது: மதிப்பெண்ணைக் குறிவைத்து நேரத்தையும் உழைப்பையும் பங்கிடுவது. பழைய வினாத்தாள்களைத் திரட்டி வைத்திருப்பவர்கள் இவர்கள். மிசெல் ரிச்சர்ட்சன் உள்ளிட்ட மூவர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்டபோது, மூன்று வகைகளில் மதிப்பெண்ணோடு ஓரளவு சேர்ந்து வந்தது இதுதான். மேலோட்ட வகை சற்று எதிர்த்திசையில் போனது. நாம் போற்றும் ஆழ வகைக்குத் தொடர்பே இல்லை எனலாம். அதற்கு நம் தேர்வு முறையைத்தான் கேட்க வேண்டும்.

என் முன்மொழிவு: ஆழ வகைக்குப் பொருள்நாட்டம், மூன்றாவது வகைக்கு மதிப்பெண்நாட்டம், மேலோட்ட வகைக்கு ஒப்பேற்றம். எப்படியாவது கரையேறினால் போதும் என்ற எண்ணத்துக்கு 'ஒப்பேற்றுதல்' என்ற வினை ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

கடையத்து அண்ணாச்சியின் மறுமொழி:

தம்பி, ஒப்பேற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 'பொருள்நாட்டம்' மட்டும் வேண்டாம். எங்கள் கடைத்தெருவில் அது காசாசை. 'கருத்துநாட்டம்' என்று வையுங்கள். இன்னொன்று: மாணவர் எந்த வகையில் படிக்கிறார் என்று அறிய பிக்ஸ் உருவாக்கிய வினாப்பட்டியலைத் தமிழில் தரும்போது இந்தத் தலைப்புகளை மாணவர் கண்ணில் காட்டாதீர்கள். 'ஒப்பேற்றம்' என்று எழுதியிருந்தால் எந்தப் பிள்ளை அதற்குக் கீழே டிக் அடிக்கும்?