மகளுக்கு முதல் காடி: 30,000 வெள்ளிக்குள் பழையதில் எதை எடுக்கலாம்?

ஆயர் ஈத்தாம் அம்மா:

வணக்கம். மகளுக்கு 18 வயது. எஸ்பிஎம் முடித்து, பெர்மாத்தாங் பாவ் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதி வேண்டாம், வீட்டிலிருந்தே போய் வருகிறேன் என்கிறாள். இங்கிருந்து பஸ், பெர்ரி, மறுபடி பஸ் என்று மாறிப் போனால் பாதிப் பொழுது வழியிலேயே போய்விடும். மோட்டார் வாங்கித் தர எனக்கும் அவள் அப்பாவுக்கும் மனசு இல்லை. அதனால் பழைய காடி ஒன்று பார்க்கிறோம். கையில் இருப்பது 30,000 வெள்ளி. லோன் போடாமல் முடிந்தால் நல்லது.

மூன்று காடிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, கொழுந்தனாரின் 2009 மைவி, மேனுவல். 9,000 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். இரண்டாவது, ஜெலுத்தோங் பக்கம் ஒரு டீலரிடம் இருக்கும் 2018 மைவி 1.3 ஆட்டோ. 33,000 சொல்கிறார், பேசினால் கொஞ்சம் இறங்குவார் போல. மூன்றாவது, முகநூலில் ஒருவர் விற்கும் 2012 ஹோண்டா சிட்டி, 27,000. மகளுக்கு இதன் மேல்தான் கண்.

"புதிதாக ஓட்டுகிறவள் எப்படியும் எங்கேயாவது உரசத்தான் போகிறாள், மலிவான பழைய காடியே போதும்" என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. தினமும் பினாங்கு பாலத்தில் லாரிகளுக்கு நடுவே போகப் போகிறவள். எதை எடுக்கலாம், நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும், யார் பெயரில் போடுவது நல்லது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அப்பா:

முதலில் ஒன்று கேட்கிறேன். மகள் எடுத்த லைசன்ஸ் டியா, டிஏவா? டிஏ என்றால் ஆட்டோ மட்டும்தான் ஓட்டலாம். கொழுந்தனாரின் மேனுவல் மைவியை அவள் தொடவே முடியாது. ஓட்டி விபத்து ஆனால், அந்த வகைக் காடிக்கு லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. இன்சூரன்ஸும் கையை விரித்துவிடும்.

ஆயர் ஈத்தாம் அம்மா:

டிஏதான் ஐயா. அப்படியானால் அந்த மைவி கணக்கில் இல்லை. கணவரிடமும் சொல்லிவிட்டேன்.

ஜெலுத்தோங் ஃபோர்மன்:

தங்கச்சி, அது ஆட்டோவாக இருந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்ஜின் நல்ல இன்ஜின், அதில் குறை இல்லை. ஆனால் 2005இல் வந்த அந்த முதல் மைவியில் எந்த வேரியண்டிலும் விஎஸ்சி (காடி சறுக்கி விலகாமல் காக்கும் அமைப்பு) கிடையாது. ஏர்பேக், ஏபிஎஸ் (சட்டென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கூட எல்லா வேரியண்டிலும் இருக்காது.

உங்கள் கணவர் சொல்வது உரசலுக்குச் சரி. பார்க்கிங்கில் தூணில் தேய்த்தால் பெயின்ட் போகும், அவ்வளவுதான். மழையில் பாலத்தின் மேல் முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால், புதிதாக ஓட்டும் பிள்ளை பயத்தில் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும், உடனே எதிர்ப்பக்கம் இழுக்கும். காடியின் பின்பக்கம் விலகுவது அங்கேதான். விஎஸ்சி இருந்தால், தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டு, இன்ஜின் வேகத்தையும் குறைத்து, காடியை நேர் வழிக்குக் கொண்டுவரும். அனுபவம் உள்ள டிரைவரை விட அனுபவம் இல்லாத பிள்ளைக்குத்தான் இது அதிகம் வேண்டும். புரோட்டானில் இதையே இஎஸ்சி என்பார்கள், ஹோண்டாவில் விஎஸ்ஏ. பெயர்தான் வேறு.

அதனால் நான் மாடலைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்ப்பேன். 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில் எல்லா வேரியண்டிலும் விஎஸ்சி உண்டு, குறைந்தது 4 ஏர்பேக் உண்டு. ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம். நீங்கள் பார்த்த 2018 மைவி இந்த வகைதான். ஆனால் 2011 முதல் 2017 வரை வந்த இரண்டாம் தலைமுறையில் விஎஸ்சி இல்லை. விற்கிறவர்கள் இரண்டையும் "மைவி" என்றுதான் சொல்வார்கள், ஜாக்கிரதை.

இன்னொன்றும் பாருங்கள். புரோட்டான் ஐரிஸ், 2014இல் வந்தது. ஆரம்பத்திலிருந்தே எல்லா வேரியண்டிலும் இஎஸ்சி உண்டு, அதுவும் அந்த வருடச் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. (2014 நட்சத்திரத்தையும் 2017 நட்சத்திரத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், விதிமுறை இடையில் கடுமையாகிவிட்டது.) மைவி அளவுக்குப் பழைய சந்தையில் விலை நிற்காது என்பதால், அதே பணத்துக்குக் குறைந்த வயதுள்ள காடி கிடைக்கும். சாகா மலிவுதான், ஆனால் 2016இல் வந்த சாகாவில் மேல் வேரியண்டில் மட்டும்தான் இஎஸ்சி. கேட்டு உறுதி செய்யாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

சிட்டி பற்றி. அந்தக் காலத்து சிட்டி உட்படப் பல ஹோண்டாக்கள் டகாட்டா கம்பெனி ஏர்பேக் ரீகாலில் (குறை உள்ள பாகத்தை மாற்றத் திரும்ப அழைப்பது) வந்தவை. ஏர்பேக்கை ஊதிவிடும் அந்த இன்ஃப்ளேட்டர் வெடித்து நம் நாட்டிலேயே உயிர் போயிருக்கிறது. சேசிஸ் எண்ணை வாங்கி ஹோண்டா மலேசியா இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். மாற்றாமல் இருந்தால் ஹோண்டாவே இலவசமாக மாற்றித் தரும். மாற்றியாகிவிட்டது என்று ஊர்ஜிதமாகாமல் அந்தக் காடியில் பிள்ளையை ஏற்றவே வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் அம்மா:

அண்ணே, இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. சனிக்கிழமை அந்த 2018 மைவியைப் பார்க்கப் போகிறோம். நேரில் எதை எதைப் பார்க்க வேண்டும்? பிளேட் பி (B) எழுத்தில் தொடங்குகிறது.

ஜெலுத்தோங் ஃபோர்மன்:

பி என்றால் சிலாங்கூரில் பதிவானது. அதனால் மட்டும் ஒதுக்க வேண்டாம், ஆனால் 2021 டிசம்பர் வெள்ளத்தில் அது எங்கே நின்றது என்று கேளுங்கள். அந்த முறை ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கமெல்லாம் காடிகள் கூரை வரைக்கும் மூழ்கின. நம்ம ஊரிலும் 2017 நவம்பர் வெள்ளத்தில் மூழ்கிய காடிகள் கொஞ்சமில்லை.

டீலர் என்ன பதில் சொன்னாலும் நீங்களே சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். மேல்பாதி யார் கண்ணிலும் படும், கழுவிவிடுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் அடிப்பகுதியில் பழுப்பு நிறக் கோடு இருந்தால் அது சேற்றுத் தண்ணீர் நின்ற மட்டம். அப்புறம் சீட்டை முன்னால் தள்ளி, கீழே இருக்கும் தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சாதாரணமாக அவ்வளவு துரு ஏறாது. பின்னால் ஸ்பேர் டயரைத் தூக்கி, அந்தக் குழியில் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்படுங்கள்.

காடி சூடாக இருக்கும்போது போகாதீர்கள். "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். காடியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் ஏர்பேக், ஏபிஎஸ், விஎஸ்சி விளக்குகள் எல்லாம் எரிந்து, சற்று நேரத்தில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், யாரோ கோளாறை மறைத்திருக்கலாம்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயரிலும் பாருங்கள். பூ (டயரின் மேல் வெட்டுக் கோடுகள்) ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் பழசானால் மழையில் பிடிக்காது. புதுசு நாலு போட வேண்டி வந்தால் அந்தக் காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மைலேஜ் குறைவாகக் காட்டி பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் புத்தகம் கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கச் சமதளம் போதாது. பாயா தெருபோங் வழியாக துன் சார்டோன் சாலையில் ஏற்றிப் பாருங்கள். அந்த மேட்டில் கியர் உதறினாலோ, இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி காடி நகர யோசித்தாலோ விட்டுவிடுங்கள். இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த ஃபோர்மன் ஒருவரைக் கூலி கொடுத்தாவது கூட்டிப் போங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

கெலுகோர் மாணவி:

அக்கா, ஓட்டப் போகிற தங்கச்சியையும் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். நான் உயரம் குறைவு. எனக்கு வீட்டில் பார்த்து வைத்த முதல் காடியில் சீட்டை ஏற்ற வழி இல்லாததால் பானெட் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அதை விட்டுவிட்டு வேறு எடுத்தோம். சீட், ஸ்டியரிங், கண்ணாடி மூன்றையும் அவளுக்கு ஏற்றபடி வைத்து, பிரேக்கை முழுசாக மிதிக்க முடிகிறதா, பின்னால் காடியின் தூண் எவ்வளவு மறைக்கிறது என்று அவளே சொல்லட்டும். பின்பக்க கேமரா இல்லாவிட்டால் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

புக்கிட் மெர்தாஜாம் இன்சூரன்ஸ் அக்கா:

பெயர் விஷயம் நான் சொல்கிறேன். என்சிடி (க்ளெய்ம் கேட்காமல் ஓட்டியதற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) காடியோடு வராது, ஆளோடுதான் போகும். "இந்தக் காடிக்கு 55 சதவீதம் என்சிடி இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால் அது அவருடையது, உங்களுக்கு இல்லை. அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு காடியில் என்சிடி ஓடினால், அதே தள்ளுபடியை இரண்டாவது காடிக்கும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது. யார் பெயரில் போட்டாலும் இந்தக் காடிக்கு முதல் வருடம் முழுத் தொகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லோன் இல்லை என்பதால் மகள் பெயரிலேயே போடலாம். அவளுடைய என்சிடி இன்றிலிருந்தே வளரத் தொடங்கும்: க்ளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் போனால் 25 சதவீதம், படிப்படியாக 55 வரை. ஆனால் வயதையும் பார்த்துத்தான் கம்பெனிகள் இப்போது விலை போடுகின்றன. அவள் பெயரிலும் அப்பா பெயரிலும் இரண்டு விதமாகவும் விலை கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்பா பெயரில் போட்டால் மகளைப் பெயர் குறிப்பிட்ட டிரைவராகச் சேர்க்க மறக்காதீர்கள்.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவரோ புது ஓட்டுநருக்கான பி (P) லைசன்ஸ் உள்ளவரோ ஓட்டி இடித்தால், சொந்தக் காடியைச் சரிசெய்யக் கேட்கும் க்ளெய்மில் முதல் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்துதான். பெயர் சேர்த்திருந்தாலும் அது உண்டு. காடிக்கு 5 வயது தாண்டிவிட்டதால் புது உதிரிபாகம் போடும்போதும் ஒரு பங்கு உங்களிடம் கேட்பார்கள். வெள்ளத்துக்கான கூடுதல் காப்பீட்டையும் போட்டுவிடுங்கள், சாதாரண பாலிசியில் அது வராது. ரோட் டேக்ஸ் பெரிய தொகை இல்லை: 1.3க்கு வருடத்துக்கு 70 வெள்ளி, 1.5க்கு 90.

ஆயர் ஈத்தாம் அம்மா:

போய் வந்தோம். அண்ணன் சொன்னபடி சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். ஓட்டுநர் பக்கம் சுத்தம். பின் சீட் பெல்ட்டின் அடியில் பழுப்புக் கோடு, சீட் தண்டவாள போல்ட்டில் துரு. "கழுவியபோது பட்ட தண்ணீர்" என்றார் டீலர். நாங்கள் பேசாமல் கிளம்பிவிட்டோம். பார்த்துக்கொண்டிருந்த கணவரே "இனி பெல்ட் பார்க்காமல் எதுவும் வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

இப்போது வேறொன்று வந்திருக்கிறது. சுங்கை ஆராவில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் விற்கிறார். 2017 ஐரிஸ் 1.3 ஆட்டோ, முதல் உரிமையாளரே அவர்தான், 19,500 கேட்கிறார். 88,000 கிலோமீட்டர். சர்வீஸ் புத்தகம் முழுசாக இருக்கிறது. பெல்ட், போல்ட், டயர் குழி எல்லாம் சுத்தம். மகள் உட்கார்ந்து பார்த்தாள், நன்றாகத் தெரிகிறது என்கிறாள். சிட்டி ஆசையை அவளே விட்டுவிட்டாள்.

ஜெலுத்தோங் ஃபோர்மன்:

இது நல்ல காடியாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு விஷயம். அந்த இன்ஜினில் டைமிங் பெல்ட். மைவி மாதிரி செயின் இல்லை. 88,000 என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றிய ரசீது புத்தகத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வாங்கின வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் இன்ஜினே போய்விடும். இரண்டாவது, கியர் சிவிடி (படிப்படியாக மாறாத ஆட்டோ கியர்). அதன் எண்ணெயை எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். முன்னால் போகும் டி (D) கியரிலிருந்து பின்னால் போகும் ஆர் (R) கியருக்கு மாற்றும்போது இடி, மெதுவாக நகரும்போது உதறல், மேட்டில் ஊளைச் சத்தம், இதில் எது இருந்தாலும் என்னிடம் சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆயர் ஈத்தாம் அம்மா:

சிவிடி எண்ணெய் மாற்றிய ரசீது இருக்கிறது. பெல்ட் ரசீது இல்லை. அதைச் சொன்னதும் ஆசிரியர் தானாகவே 18,500க்கு இறங்கினார். இன்று துன் சார்டோன் சாலையில் ஏற்றிப் பார்த்தோம், சத்தமும் இல்லை, உதறலும் இல்லை. இனி எந்த வரிசையில் வேலையை முடிப்பது?

புக்கிட் மெர்தாஜாம் இன்சூரன்ஸ் அக்கா:

முதலில் அவர் பெயரில் சம்மன் ஏதும் பாக்கி இல்லை, கெரானில் (காடியின் உரிமைப் பத்திரம்) பேங்க் பெயர் இல்லை என்று பார்த்துவிடுங்கள். அடுத்தது பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை. அதில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் சரிபார்க்கப்படும். ஆனால் அது பாஸானால் கியர்பெட்டி நல்லது என்று அர்த்தம் இல்லை, அதை ஃபோர்மன்தான் பார்க்க வேண்டும். பிறகு புதுப் பெயரில் இன்சூரன்ஸ், அதன் பின் இருவரும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) போய்க் கைரேகை வைத்துப் பெயர் மாற்றம், கடைசியாக ரோட் டேக்ஸ். முழுப் பணத்தையும் ஜேபிஜே கவுன்டரில் பெயர் மாறும் நாளில் கொடுங்கள், அதற்கு முன்னால் முன்பணம் மட்டும் போதும், அதற்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெலுத்தோங் ஃபோர்மன்:

பெல்ட் மாற்ற எங்கே கொண்டுபோனாலும் கழற்றிய பழைய பெல்ட்டைக் கையில் கேட்டு வாங்குங்கள். பாலத்தில் 80க்கு மேல் போகக் கூடாது என்று பிள்ளைக்கு இப்போதே சொல்லி வையுங்கள். முதல் சில வாரம் காலை நெரிசலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போகட்டும்.